படலைக்குக் காவல் எங்கே?

மின்னியலிலே ‘தாழ் அழுத்தம்’ என்னும் சொற்றொடர் ஏற்படுத்தியுள்ள மயக்கம் சிறிதன்று. சுவரில் உள்ள 230 வோல்ற்றுக்கு அஞ்சுபவன் மேசைமீது கிடக்கும் 36 வோல்ற்று மின்கலவடுக்குக்கு அஞ்சுவதில்லை. தொட்டாற் கொல்லாது என்பது அவன் கணக்கு. மனித உடலைப் பொறுத்தவரை அக்கணக்கு பெரும்பாலும் சரியானதே. ஆனால், அந்த அடுக்கினுள்ளே காவலுக்கு நிற்கும் திரான்சிற்றரைப் பொறுத்தவரை அது முற்றிலும் பிழையானது. அத்திரான்சிற்றரின் படலை, பெரும்பாலும், 20 வோல்ற்றுக்கு மேல் தாங்குமென எந்தத் தயாரிப்பாளனும் உத்தரவாதம் தருவதில்லை. தான் காக்கவேண்டிய அடுக்கின் முழு அழுத்தத்தில் அரைவாசியைக்கூடத் தாங்காத ஓர் உறுப்பைக் காவலில் நிறுத்திவிட்டு, அதற்குரிய காப்பை ‘மிகை’ என்று ஒதுக்கும் வழக்கம் இன்று வரைவாளரிடையே மட்டுமன்றி, அவர்களைப் பயிற்றுவிப்போரிடையேயும் வேரூன்றியிருக்கின்றது. இவ்வழக்கம் கண்டிக்கப்படவேண்டியது.

இதனை ஏதோ சில்லறைத் தொழில்நுட்ப நுணுக்கம் எனத் தள்ளிவிடுதற்கில்லை. இலிதியம் அயன் மின்கலம் 1991இல் சந்தைக்கு வந்தது. அதற்கு அடித்தளமிட்ட விற்றிங்ஹம், குட்இனஃப், யோஷினோ ஆகிய மூவருக்கும் 2019இல் இரசாயனவியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. கைத்தொலைபேசியில் ஒற்றைக் கலமாக இருந்தது இன்று சைக்கிளிலும் முச்சக்கர வண்டியிலும் வீட்டுச் சூரியப் படலுக்கு அருகிலும் பத்து, பதின்மூன்று, பதினாறு எனத் தொடராக அடுக்கப்பட்டு நிற்கின்றது. 2022இல் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம்வரை மின்வெட்டைக் கண்ட இந்நாட்டில் வீட்டுக்கொரு மின்கலவடுக்கு என்பது ஆடம்பரமாகத் தோன்றாததில் வியப்பில்லை. ஆனால், இலிதியக் கலம் பழைய ஈய அமிலக் கலத்தைப் போன்று பொறுமையுள்ளதன்று. கலமொன்றை 4.2 வோல்ற்றுக்கு மேல் தொடர்ந்து ஏற்றினால் எதிர்வாயில் உலோக இலிதியம் படியும். நேர்வாய்ப் பொருள் நிலைகுலையும். மின்பகுபொருள் ஆவியாகித் தீப்பற்றும் நிலை வரும். ஒரு கலம் பற்றினால் பக்கத்துக் கலம் அதன் வெப்பத்தினாலேயே பற்றும். இதைத் தடுப்பதற்கென்றே ஒவ்வோர் அடுக்கினுள்ளும் ஒரு காப்புச் சுற்று வைக்கப்படுகின்றது. அழுத்தம் மிகுந்தால், ஓட்டம் மிகுந்தால், வெப்பம் மிகுந்தால் இணைப்பைத் துண்டிப்பதே அதன் பணி. துண்டிக்கும் கை எதுவெனில், உலோக ஒட்சைட்டுப் புலவிளைவுத் திரான்சிற்றர். மின்னேற்றத்தை நிறுத்த ஒன்று, மின்னிறக்கத்தை நிறுத்த ஒன்று என இரண்டு திரான்சிற்றர்கள் ஒன்றுக்கொன்று எதிர்முகமாகத் தொடரில் நிற்கும்.

இத்திரான்சிற்றருக்கு முனைகள் மூன்று: மூலம், வடிகால், படலை. கலைச்சொல்லாக்கியோர் ‘படலை’ என்ற சொல்லைத் தெரிந்தமை மிகப் பொருத்தமானது. யாழ்ப்பாணத்து வளவொன்றின் வேலிப் படலையை அறிந்தோர்க்கு விளக்கம் வேண்டியதில்லை. உள்ளே எத்துணை பெரிய கல்வீடு இருப்பினும், படலை நாலு தடியும் கொஞ்சம் கிடுகுமாகவே இருக்கும். திரான்சிற்றரின் படலையும் அத்தன்மையதே. நூறு அம்பியர் ஓட்டத்தை விடுவதும் மறிப்பதும் அதன் சொல்லுக்குக் கட்டுப்பட்டவை. ஆயின், அப்படலைக்கும் சிலிக்கனுக்கும் இடையே இருப்பது சுமார் 50 நனோமீற்றர் தடிப்புள்ள சிலிக்கன் ஈரொட்சைட்டுப் படலம் ஒன்றே. மனிதனின் தலைமயிர்த் தடிப்பில் ஆயிரத்திலொரு பங்கிலும் அது குறைவு. நல்ல ஒட்சைட்டு நனோமீற்றருக்கு ஏறத்தாழ ஒரு வோல்ற்று வீதம் தாங்கும். எனவே 50 வோல்ற்றளவில் அது முறியும். முறியும் எல்லைக்கு மிக அருகில் நெடுநாள் வைத்திருந்தாலும் ஒட்சைட்டு சிறிது சிறிதாகத் தேயும் என்பதனாலேயே தயாரிப்பாளர் 20 வோல்ற்றை எல்லையாக விதிக்கின்றனர். தாழ்ந்த படலை அழுத்தத்தில் இயங்கும் வகைகளில் இவ்வெல்லை 12 ஆகவும் 8 ஆகவும் இறங்கும்.

ஈண்டு ஒரு வேறுபாட்டை அழுத்திக் கூறவேண்டும். வடிகாலுக்கும் மூலத்துக்கும் இடையே அழுத்தம் எல்லை கடந்தால், சிலிக்கன் சந்தி சரிவுக் கடத்தலுக்கு உள்ளாகும். வெப்பம் அளவோடு இருக்குமாயின் எழுச்சி ஓய்ந்ததும் அது பழைய நிலைக்கு மீளும். பல திரான்சிற்றர்களின் தரவுத்தாள்களில் இவ்வாறு தாங்கக்கூடிய சத்தி இத்துணை மில்லியூல் என்று குறிக்கப்பட்டுமிருக்கும். படலைக்கு அத்தகைய சலுகை எதுவுமில்லை. ஒட்சைட்டு ஒருமுறை துளைக்கப்பட்டால் துளைக்கப்பட்டதே. அது மீள்வதில்லை. எனினும், “இத்திரான்சிற்றர் சரிவைத் தாங்கும் வகையைச் சேர்ந்தது, ஆகையாற் புறக்காப்பு வேண்டாம்” என்று சொல்வோர் இன்றும் உளர். வடிகாலுக்குத் தந்த உத்தரவாதத்தைப் படலைக்கும் சேர்த்து வாசிக்கும் இவ்வாசிப்பு, முதலாண்டு மாணவனுக்குக்கூட மன்னிக்கத்தக்கதன்று.

எழுச்சி எங்கிருந்து வருகின்றது? “கலங்கள் 42 வோல்ற்றுக்கு மேற் போகாதபோது 200 வோல்ற்று எங்கிருந்து பிறக்கும்?” என்று நகைப்போர் பரடேயின் 1831ஆம் ஆண்டுக் கண்டுபிடிப்பைப் பரீட்சைக்கு மட்டும் படித்தவராவர். ஒரு மீற்றர் கம்பியின் தன்தூண்டல் ஏறத்தாழ ஒரு மைக்குரோ ஹென்றி. அடுக்கின் வெளிமுனைகள் குறுஞ்சுற்றாகும்போது 200 அம்பியர் பாய்வது அரிதன்று. காப்புச் சுற்று விழித்தெழுந்து அதனை ஒரு மைக்குரோ செக்கனில் துண்டிக்கின்றது எனக் கொள்க. அக்கம்பியிலே எழும் அழுத்தம் 200 வோல்ற்று. கலங்களின் அழுத்தம் இதில் இன்னும் சேர்க்கப்படவில்லை. துண்டிப்பு எத்துணை விரைவானதோ, எழுச்சி அத்துணை உயரமானது. ஆபத்திலிருந்து அடுக்கைக் காக்கும் அதே செயல்தான் காவலனின் ஆபத்தைப் பிறப்பிக்கின்றது. பத்து மைக்குரோ செக்கன் எடுத்து மெதுவாகத் துண்டித்தால் எழுச்சி 20 வோல்ற்றாகக் குறையும். ஆனால் அந்நேரம் முழுவதும் திரான்சிற்றர் பாதி திறந்த நிலையில் வேகும். இரண்டுக்கும் நடுவே ஓர் இடத்தைத் தெரிவதே வரைவாளனின் தொழில். தெரிவு என்று ஒன்று உண்டு என்பதையே அறியாமற் பிறர் சுற்றிலிருந்து படலைத் தடையின் பெறுமானத்தைப் பெயர்த்தெழுதுவது தொழிலாகாது.

படலை சாவதற்குரிய வழிகளிற் பெரும்பாலானவை ஒரே அறியாமையிலிருந்து பிறக்கின்றன. அழுத்தம் என்பது இரு புள்ளிகளுக்கு இடையிலான வேறுபாடு. திரான்சிற்றர் அறிவது படலைக்கும் மூலத்துக்கும் இடையிலான வேறுபாட்டை மட்டுமே. மாணவனோ அலைவுகாட்டியின் ஒரு முனையைப் படலையிலும் மறுமுனையை அடுக்கின் எதிர்முனையிலும் வைத்து, “படலை அசையவில்லையே” என்கிறான். படலை அசையாதிருக்கலாம், மூலம் கீழே வீழ்ந்திருக்கும். பத்துக் கலங்களைக் கொண்ட ஓர் அடுக்கின் நேர்முனைப் பக்கத்திலே என்–வகைத் திரான்சிற்றரை ஆளியாக வைத்தால், அது கடத்துவதற்குப் படலையை மூலத்திலும் சுமார் 10 வோல்ற்று மேலே, அதாவது 52 வோல்ற்றில் வைத்திருக்கவேண்டும். வெளியே குறுஞ்சுற்று நேர்ந்து மூலம் திடீரெனச் சுழியத்தை நோக்கி இழுக்கப்படும்போது, படலையும் அதே வேகத்தில் இறங்காவிடின், இரண்டுக்குமிடையிலான வேறுபாடு 10இலிருந்து 52ஐ நோக்கி ஏறத் தொடங்கும். வெளிக்கம்பியின் தன்தூண்டல் மூலத்தைச் சுழியத்துக்கும் கீழே இழுத்துச்செல்லவும் கூடும். 20ஆவது வோல்ற்றில் உத்தரவாதம் முடிந்துவிட்டது.

இதைவிட எளிய, ஆகையால் இதைவிட வெட்கத்துக்குரிய தவறு ஒன்றுண்டு. 12 வோல்ற்று அடுக்குக்கென வரையப்பட்ட சுற்றில் பீ–வகைத் திரான்சிற்றரின் படலையை நேரே எதிர்முனைக்கு இழுத்து ஆளியை மூடுவர். அங்கே வேறுபாடு 12 வோல்ற்று, எவ்வித குறையுமில்லை. அச்சுற்றை அப்படியே 36 வோல்ற்று அடுக்குக்குப் பெயர்க்கும்போது முழு மின்னேற்றத்தில் வேறுபாடு 42 வோல்ற்றாகின்றது. இங்கே எழுச்சிகூடத் தேவையில்லை. ஆளியை முதன்முறை போட்ட கணமே போதும். இரண்டு தடைகளாற் பிரித்து, ஒரு சேனர் இருவாயியைப் படலைக்கும் மூலத்துக்கும் குறுக்கே வைத்திருந்தால் தீர்ந்திருக்கும். சுற்றுப்படம் பெயர்க்கப்படுகிறது, சுற்றின் நியாயம் பெயர்க்கப்படுவதில்லை.

எதிர்முனைப் பக்கத்தில் ஆளியை வைப்போரும் தப்புவதில்லை. அங்கே மின்னேற்றத் திரான்சிற்றரின் மூலம் வெளிமுனையோடு பிணைந்தது. 42 வோல்ற்று அடுக்கிலே எவரேனும் 60 வோல்ற்று மின்னேற்றியைச் செருகினால், திறந்திருக்கும் ஆளியின் வெளிப்புறம் கலங்களின் எதிர்முனையிலும் 18 வோல்ற்று கீழே போகும். படலை அதனுடன் சேர்ந்து கீழே போகாமல் சுழியத்திலேயே நின்றால், மறிக்கவேண்டிய திரான்சிற்றர் தானாகவே கடத்தத் தொடங்கும். செருகும் கணத்தில் எழும் ஊசலாட்டத்தையும் இதனோடு சேர்த்தெண்ண வேண்டும். நீண்ட கம்பியும் தடைகுறைந்த கொள்ளளவியும் சேருமிடத்தில் அவ்வூசலாட்டம் ஊட்டிய அழுத்தத்தின் இருமடங்குவரை எழக்கூடும். வீட்டில் ஒரே வகைச் செருகியைக் கொண்ட மின்னேற்றிகள் நான்கு கிடக்கும்போது தவறானதைச் செருகாத குடும்பம் எது?

நிலைமின்னைப் பற்றி அதிகம் கூறவேண்டியதில்லை. ஒரு கணக்குப் போதும். மனித உடலை 100 பிக்கோ பரட்டுக் கொள்ளளவியாகக் கொள்வது மரபு. 2000 வோல்ற்றுக்கு ஏறிய விரலொன்று 5 நனோ பரட்டுப் படலையைத் தொட்டால், ஏற்றம் பகிரப்பட்டபின் அங்கே நிற்பது ஏறத்தாழ 39 வோல்ற்று. ஈரக் காற்றுள்ள நாட்டில் இது நேராது என்பர். குளிரூட்டிய ஆய்கூடத்தின் காற்று அத்துணை ஈரமானதன்று. உலோக ஒட்சைட்டுத் திரான்சிற்றர்கள் முதன்முதல் விற்பனைக்கு வந்த காலத்தில், அவற்றின் கால்களைச் சிறு கம்பி வளையத்தாற் பிணைத்தே அனுப்பினர். பற்றாசு வைத்த பின்னரே வளையம் அகற்றப்படும். அற்றல்லாவும் காங்கும் 1959இல் பெல் ஆய்கூடத்தில் ஆக்கிய அவ்வுறுப்பின் முதற் பரம்பரையினர், படலையின் மெலிவை அறிந்திருந்தனர். பின்வந்தோர் மறந்தனர்.

இவ்வளவும் நிகழ்ந்த பின்னர் உறுப்பு வெளிப்படையாகச் செத்துவிடுமாயின் நட்டம் ஒரு திரான்சிற்றரின் விலை மட்டுமே. துளைபட்ட படலையின் கதை அவ்வாறு முடிவதில்லை. துளை சிறிதாயின் படலை கசியும். காப்புச் சுற்றின் இயக்கி மிக நுண்ணிய ஓட்டத்தையே தர வல்லதாகையால், கசிவினாற் படலையின் அழுத்தம் சரியும், திரான்சிற்றர் அரைகுறையாகக் கடத்தும், அதன் தடை உயரும், சூடேறும். இறுதியில் வடிகாலும் மூலமும் உருகி ஒன்றாகிவிடுவதே பெருவழக்கு. அதாவது, ஆளி மூடியபடியே நின்றுவிடும். அடுக்கு அன்றும் வேலைசெய்யும், மறுநாளும் வேலைசெய்யும். விளக்கு எரியும், சைக்கிள் ஓடும், மின்னேற்றியின் பச்சை வெளிச்சம் வரும். காப்புச் சுற்று கலத்தின் அழுத்தம் எல்லை கடந்ததைக் கண்டு “துண்டி” என்று கட்டளையிடும் அந்த ஓரிரவில் மட்டும், கட்டளையைக் கேட்க அங்கே எவருமிரார். உருகி எரிந்தால் வீட்டுக்காரன் அறிவான். காவலன் செத்தும் நிமிர்ந்து நிற்பதை எவன் அறிவான்?

காப்பை எதிர்ப்போரின் வாதங்களுள் கவனிக்கத்தக்கது ஒன்றே ஒன்று. சேனர் இருவாயி கசியும், அடுக்கு மாதக்கணக்கில் அலுமாரியிற் கிடக்கவேண்டியது, ஆகையால் ஒவ்வொரு மைக்குரோ அம்பியரும் பொன்னானது என்பர். கேட்பதற்கு நியாயமாகவே இருக்கின்றது. ஆயின், இவ்வாதத்தைச் சொல்பவரின் சுற்றிலேயே படலைக்கும் மூலத்துக்கும் இடையே ஒரு மெகா ஓம் தடை இருக்கும். படலை அநாதையாகத் தொங்காதிருக்க அது வேண்டியதுதான். 10 வோல்ற்றில் அத்தடை குடிப்பது 10 மைக்குரோ அம்பியர்; ஆண்டொன்றுக்கு 88 மில்லி அம்பியர் மணி. 16 வோல்ற்றுச் சேனர் இருவாயி 10 வோல்ற்றிற் கசிவதோ 0.1 மைக்குரோ அம்பியரைச் சூழ்ந்த அளவு; ஆண்டு முழுவதும் ஒரு மில்லி அம்பியர் மணிகூட இல்லை. நூறு பங்கு குடிப்பதைப் பக்கத்தில் இருத்திக்கொண்டு ஒரு பங்கு குடிப்பதைத் துரத்தும் சிக்கனம் இது. ஐந்தாறு வோல்ற்றுக்குக் கீழ்ப்பட்ட சேனர்கள் கூடுதலாகக் கசிவன என்பது மெய். ஆனால் 36 வோல்ற்று அடுக்கின் படலையில் அத்தகைய சேனருக்கு வேலையில்லை.

இயக்கித் தொகுசுற்றின் உள்ளேயே காப்பு இருக்கின்றது என்பது மற்றொரு கூற்று. இருக்கின்றது, இயக்கியைக் காப்பதற்காக. அது தாங்குவது சில மில்லி அம்பியர்கள். மேலும், இயக்கிக்கும் படலைக்கும் இடையே சுற்றுப்பலகையில் நான்கைந்து சென்ரிமீற்றர் நீளக் கடத்தி ஓடுகின்றது. விரைந்த எழுச்சிக்கு அத்தூரமே ஒரு மதில். நான்கு திரான்சிற்றர்களைச் சமாந்தரமாக வைத்து, ஒரே கடத்தியால் நான்கு படலைகளையும் பிணைத்து, மூலையில் ஒரு சேனரைக் குத்திவிட்டுக் காப்பு உண்டென்பதும் அதே இனத்தைச் சேர்ந்தது. சமாந்தரத் திரான்சிற்றர்கள் தமக்குள் பல மெகா ஹேட்சில் ஊசலாடுவதைத் தடுக்க ஒவ்வொரு படலைக்கும் தனித்தனியே சிறு தடை வேண்டும். அவற்றுள் ஒன்றின் படலை மூலத்தோடு குறுகினால் ஏனைய மூன்றும் அதனோடு வலுவிழக்கும்.

இதில் மிகவும் நகைப்புக்கிடமானது எதுவெனில், கைத்தொலைபேசிகளின் ஒற்றைக்கல அடுக்குகளுக்கென விற்கப்படும் சின்னஞ்சிறு இரட்டைத் திரான்சிற்றர்கள் பலவற்றில் படலைக் காப்பு இருவாயிகள் சிலிக்கனுள்ளேயே பதிக்கப்பட்டிருக்கின்றமை. 4.2 வோல்ற்றுக்கு மேற் காணாத கலத்துக்கு அக்காப்பு வேண்டுமெனக் கண்டனர். அதன் பத்து மடங்கு அழுத்தமும் அதனிலும் பன்மடங்கு ஓட்டமும் உள்ள அடுக்கிலே, ஒரு கோப்பைத் தேநீரின் விலைகூட இல்லாத உறுப்பு மிகை எனப்படுகின்றது.

“அடுக்குகள் எரிவது கலத்தின் உட்குறைபாட்டாலேயே, படலை என்ன செய்யும்?” என்று பொறுப்பைக் கலத்தின்மீது போடுவோர், 2013 சனவரியில் பொஸ்ரன் விமான நிலையத்தில் போயிங் 787 விமானமொன்றின் மின்கலவடுக்கு எரிந்ததை எடுத்துக்காட்டுவர். கலமொன்றின் உள்ளே நேர்ந்த குறுஞ்சுற்றே அதன் தொடக்கம் என்று விசாரணை கண்டது உண்மை. எந்த ஆளியாலும் கலத்தின் வயிற்றுக்குள் நிகழும் குறுஞ்சுற்றைத் துண்டிக்க முடியாது. இதிலிருந்து பெறத்தக்க முடிபு யாது? ஆளியால் தடுக்க முடியாத விபத்துக்கள் சில உண்டு என்பதால், ஆளியால் தடுக்கக்கூடியவற்றையும் விட்டுவிடலாம் என்பதா? மின்னேற்றியின் பிழை, செருகியின் பிழை, வெளிக் கம்பியின் குறுஞ்சுற்று ஆகியன யாவும் ஆளியின் ஆட்சிக்கு உட்பட்டவை. அங்கும் அது செத்து நிற்குமாயின், கலத்தைக் குறைகூறுவதற்கு வரைவாளனுக்கு உரிமையில்லை.

“சோதித்தோம், ஒன்றும் நேரவில்லை” என்பதே கடைசிப் புகலிடம். எங்கே சோதித்தனர்? ஆய்கூட மேசையில், ஒரு சாண் கம்பியில், ஓட்டத்தை 3 அம்பியரில் மட்டுப்படுத்தும் வழங்கியொன்றைக் கலங்களின் இடத்தில் வைத்து. அங்கே 200 அம்பியர் பாயவே வழியில்லை. கம்பியிலே சேமிக்கப்படும் சத்தி ஓட்டத்தின் வர்க்கத்தோடு வளர்வதாகையால், சோதனையில் இருந்தது மெய்நிலையின் நாலாயிரத்திலொரு பங்கிலும் குறைவு. கம்பியின் குறுமையைக் கணக்கிற் சேர்த்தால் அது இன்னும் சிறுக்கும். முயல் குட்டியைக் கட்டிப் பார்த்துவிட்டு யானைக்குக் கயிறு விற்கும் செயலிது.

இந்நிலைக்குப் பல்கலைக்கழக வகுப்பறையும் பொறுப்பேற்கவேண்டும். விரிவுரையில் திரான்சிற்றர் ஓர் இலட்சிய ஆளி. கம்பிக்குத் தூண்டல் இல்லை. கலத்துக்கு உட்டடை இல்லை. படலைக்கு எல்லை இல்லை. வினாத்தாளிலோ கடத்தும் நிலையின் தடை கேட்கப்படும், வெப்ப இழப்புக் கேட்கப்படும், “இச்சுற்றின் படலை எக்கணத்தில், எதனால் முறியும்?” என்ற வினா அரிதாகவே காணப்படும். தரவுத்தாளின் முதற்பக்கத்தில் அம்பியரும் ஓமும் பெரிய எழுத்தில் விளம்பரமாக நிற்கின்றன. படலையின் எல்லையோ அட்டவணையில் ஒரு வரி. பரீட்சைக்காக முதற்பக்கத்தை மட்டும் வாசித்துப் பழகியவன், தொழிலுக்குச் சென்றபின் அட்டவணையை ஏன் தேடப்போகிறான்?

இறுதியாண்டுச் செயற்றிட்டங்களில் மின்கலவடுக்கு மலிந்துவிட்ட இக்காலத்தில், அவற்றை மதிப்பிடுவோர் செய்யக்கூடிய காரியம் ஒன்றுண்டு. விளக்கு எரிகின்றதா என்று பார்த்துப் புள்ளியிடாமல், மாணவனின் சுற்றுக்குக் கலங்களையே இணைத்து, மூன்று மீற்றர்க் கம்பியை மாட்டி, மணற்பெட்டியொன்றின் பின்னால் நின்று, வெளிமுனைகளைக் குறுஞ்சுற்றாக்கச் செய்தல் வேண்டும். அலைவுகாட்டியின் ஒரு முனை படலையிலும் மற்றது மூலத்திலும் இருக்கட்டும். வேறுபாடு 20ஐத் தாண்டினால் சுற்று தேறவில்லை. தாண்டாவிடினும், மின்னை அகற்றியபின் படலைக்கும் மூலத்துக்கும் இடையிலான தடையை அளந்து, சோதனைக்கு முன் குறித்த பெறுமானத்தோடு ஒப்பிட்ட பின்னரே ஒப்பமிடலாம்.